அதை மூடிராதீய

செய்யதலி பாத்திமாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. நாற்காலிதான் வரும்.

பாளையங்கோட்டையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தார் பாத்திமா. "லேப்டாப் ரொம்ப ஸ்லோ. எத்தனை ஜிபி ரேம் போடணும்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"உக்காந்து உங்க வேலையைச் செய்ங்க."

வந்தவர் வழக்கமாகச் செய்யும் வேலையை அங்கேயே ஒரு மணி நேரம் செய்தாக வேண்டும். பாத்திமா பக்கத்தில் இருந்து பார்ப்பார். அப்புறம்தான் எட்டா, பதினாறா, முப்பத்திரண்டா என்று வாய் திறப்பார். கடைக்கு வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கியவர்கள் உண்டு. அவர்களை அவர் திரும்பிக் கூப்பிட்டதில்லை.

குருவுக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய ஒரே சீடருக்கு ஐம்பத்துமூன்று. சீடர் பெயர் தேவநேசன். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். மனைவி பொன்மணி போன ஜனவரியில் இறந்துபோனார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி பாத்திமாவின் கடைக்கு வர ஆரம்பித்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. பாத்திமா ஒன்றும் சொல்லவில்லை. வேலை கற்க வந்தவர் யார், நாற்காலி தேடி வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

தேவநேசனுக்குச் சாயங்காலம் வேறு ஒரு வேலை இருந்தது. காது கேளாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு ஓர் அமைப்பு ஆன்லைனில் பாடம் நடத்தியது. வாத்தியார் பேசப் பேச, அந்தப் பேச்சை உடனுக்குடன் அடித்துத் திரையில் எழுத்தாகக் காட்ட வேண்டும். விரல் வேகத்தில் தேவநேசனை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் நாளில் மனிதர்கள் இருந்த நேரம். மிச்ச நேரமெல்லாம் வெறும் வீடு.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அவர் அடிப்பது திரையில் வர ஆறு, ஏழு விநாடி தாமதமானது. வாத்தியார் அடுத்த படத்துக்குப் போன பிறகு முந்தைய படத்தின் பேச்சு வந்தது. "சார் நுரையீரலைக் காட்டும்போது கீழே இதயம் என்று வருகிறது" என்று ஒரு பெண் எழுதிப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று அமைப்பிலிருந்து நயமாகச் சொன்னார்கள். நயமாகச் சொன்னாலும் அது அடிதான்.

சனிக்கிழமை மத்தியானம் தேவநேசன் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"மேடம், பொதுவா ஒரு வேலை லேப்டாப்புக்கு எத்தனை ஜிபி ரேம் வேணும்?"

"யார் வேலைக்கு?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவா யாரும் வேலை செய்யதில்ல அண்ணாச்சி."

தேவநேசன் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேஜை அது.

"என் லேப்டாப்புல எட்டு இருக்கு. முப்பத்திரண்டு போட்டுரலாம்னு பாக்கேன்."

"கொண்டு வாங்க."

"அதுல ஒரு சிக்கல். ஆஃப் பண்ணாம போட முடியுமா?"

எட்டு மாதம் பாடம் படித்த சீடர் கேட்கிற கேள்வியா இது? கரண்டை நிறுத்தாமல் ரேம் மாற்றக் கூடாது என்பது அந்தக் கடையில் அவர் கற்ற முதல் பாடம். பாத்திமா சிரித்திருக்கலாம். தேவநேசனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"கொண்டு வாங்க" என்றார் மறுபடியும்.

ஆட்டோவில் கொண்டுவந்தார். பையில் போடவில்லை. மூடியைப் பாதி திறந்தபடி, இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். சார்ஜர் தோளில் தொங்கியது. படியேறி வந்ததும் முதல் வேலையாக பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். லேப்டாப்பின் காற்றாடி கொதிக்கிற உலைபோல் இரைந்துகொண்டிருந்தது.

"எப்ப கடைசியா ஆஃப் பண்ணுனீய?"

"ஜனவரில."

"இது அக்டோபர்."

"ஆமா."

பாத்திமா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காந்து வேலையைச் செய்ங்க. நான்தான் வாத்தியார்."

பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். தாமிரபரணியில் நீர்வரத்து, மேலப்பாளையத்தில் குடிநீர்க் குழாய் உடைப்பு. தேவநேசனின் விரல்கள் பறந்தன. திரை சும்மா இருந்தது. பாத்திமா குழாய் உடைப்புக்குப் போன பிறகு நீர்வரத்து தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. தேவநேசனுக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு பிள்ளைகள் இதைத்தான் தினம் பார்க்கிறார்கள்.

பாத்திமா தாளை மடித்து வைத்தார்.

"இந்த வேலைக்கு எட்டே தாராளம். வேற என்ன தொறந்து வச்சிருக்கீய?"

"ஒண்ணும் இல்ல."

"அண்ணாச்சி."

தேவநேசன் திரையின் அடியில் ஒடுக்கி வைத்திருந்த ஒரு பிரவுசர் ஜன்னலைக் காட்டினார். தொட்டுக் காட்டவில்லை. தள்ளி நின்று விரலை நீட்டினார்.

"அது பொன்மணியோடது. அதை மட்டும் மூட முடியாது மேடம். அது ரொம்ப இடம் எடுக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் முப்பத்திரண்டு கேக்கேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், என் வேலையும் ஓடட்டும்."

பாத்திமா காத்திருந்தார். கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

தேவநேசன் சொன்னார். குக்கர் மூடியில் போடும் ரப்பர் வளையம், கேஸ்கட், தேய்ந்துபோயிருந்தது. ஆன்லைனில் வாங்கினார்கள். பொருந்தவில்லை. மாற்றி வாங்கினார்கள். மூன்றாவது தடவையும் பொருந்தவில்லை. அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு பொன்மணி இந்த லேப்டாப்பில் உட்கார்ந்து கம்பெனிக்குப் புகார் அடிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"'கை ஒரு மாதிரி அசதியா இருக்கு. கொஞ்சம் படுத்துட்டு வந்து அடிக்கேன். அதை மூடிராதீய'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. நான் பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். தலையைக்கூடத் தூக்கல. 'படு'ன்னேன். நாலு மணிக்குக் காப்பி போட எழுப்புனேன். எந்திரிக்கல."

கீழே பேக்கரியில் யாரோ தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது.

"அடக்கம் பண்ணிட்டு வந்து மூணாம் நாள்தான் இதைப் பாத்தேன். மூணு வரி இருந்துச்சு. 'மூன்று தடவை அனுப்பிவிட்டீர்கள். ஒன்றும் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர்தான்.' அவ்வளவுதான். 'வீட்டுக்காரர்தான்'னு நிக்குது. அதுக்கு மேல இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இதை ஒடுக்கி வச்சிட்டேன். கை தவறி ஏதாவது அழிஞ்சிருமோன்னு திறக்கவே இல்ல. ஒன்பது மாசமா அந்த வரி எப்படி முடியும்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்காரர்தான் என்ன? என் வீட்டுக்காரர்தான் என்னைக் கவனிக்கதே இல்லன்னு எழுத வந்தாளோ என்னவோ."

"ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே."

"எடுத்துட்டா அது முடிஞ்சுபோன மாதிரி மேடம். இப்படி இருந்தா, அவ வந்து மிச்சத்தை அடிக்கலாம்."

சொன்ன பிறகு அவருக்கே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைச் சொல்லித் திருத்தும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

பாத்திமா ஒரு பட்டியலைத் திறந்தார். திறந்திருக்கும் பக்கங்களில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டுவது. அதிகம் பிடித்தது மேலே நிற்கும்.

"மேல இருந்து வாசிங்க."

தேவநேசன் வாசித்தார். "பெண்களுக்கு மாரடைப்பின் முன் அறிகுறிகள்." அடுத்தது, "இடது கை அசதி ஏன் வருகிறது." அடுத்தது ஒரு டாக்டர் பேசும் வீடியோ, பதினாலாவது நிமிஷத்தில் நின்றிருந்தது. "முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்." இன்னொரு வீடியோ. "தூக்கத்தில் உயிர் பிரிவது வலிக்குமா."

குரல் அங்கே நின்றது.

"வாசிங்க."

வாசித்தார். கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று பக்கங்கள்.

"இதையெல்லாம் தேடுனது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"பிப்ரவரில ஆரம்பிச்சேன். முந்தாநாள்கூட ரெண்டு தொறந்தேன்."

"யாருக்கு வைத்தியம் பாக்கதுக்கு?"

தேவநேசன் பட்டியலை இன்னும் கீழே உருட்டினார்.

"இந்தப் பட்டியல்ல உங்க வீட்டம்மா பக்கம் எங்க இருக்கு, தேடிச் சொல்லுங்க."

அவர் மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தேடினார்.

"காணோம் மேடம்."

பாத்திமாவுக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் தொழிலைக் கற்க வந்தவரிடம் தொழிலை மறைக்கக் கூடாது.

"ரேம்ல இடம் நிறைஞ்சுபோச்சுன்னா பிரவுசர் ஒரு காரியம் பண்ணும் அண்ணாச்சி. ரொம்ப நாளா யாரும் தொடாத பக்கம் எதுன்னு பாத்து, அதை வெளிய தள்ளிரும். தலைப்பு மட்டும் மேல நிக்கும். தொட்டா, புதுசா முதல்ல இருந்து தொறக்கும்."

தேவநேசனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவ அடிச்சது?"

"மார்ச், ஏப்ரல்லயே போயிருக்கும்."

"நான் ஆஃப் பண்ணவே இல்லையே. ஒரு நாள்கூட ஆஃப் பண்ணலையே மேடம். கரண்டு போனா பேட்டரியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேனே."

"ஆமா."

"பின்ன யாரு தள்ளுனது?"

பாத்திமா பட்டியலைப் பார்த்தார். தேவநேசனும் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று பக்கங்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அவர் கையால் திறந்தது.

வெகுநேரம் கழித்து தேவநேசனே கையை நீட்டி அந்த ஜன்னலைத் திறந்தார். "உங்கள் ஆர்டர்கள்: புகார்" என்ற தலைப்பைத் தொட்டார். ஒரு வட்டம் சுற்றியது. பக்கம் வந்தது. மேலே பழைய ஆர்டர்களின் விவரம். அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில், "என்ன குறை? இங்கே எழுதவும்."

வேறு ஒன்றும் இல்லை.

தேவநேசன் அழுதார். அடக்கத்தன்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டும் காப்பி கொடுத்துக்கொண்டும் திரிந்த மனிதர், ஒரு கேஸ்கட் கம்பெனியின் காலிக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். படியேறி வந்த ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்.

பாத்திமா திரையைத் தன் பக்கம் திருப்பி, அவர் அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துத் திரையை மறுபடி அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இப்ப ஆஃப் பண்ணலாமா?"

"நானே பண்ணுதேன்."

பண்ணினார். காற்றாடி இரைச்சல் மெல்லத் தணிந்து நின்றது. ஒன்பது மாதமாக அந்தச் சத்தத்தோடு தூங்கி எழுந்தவர் அவர். அது நின்றதும் காதுக்குள் ஏதோ கழன்றதுபோல் இருந்தது.

பாத்திமா மறுபடி ஆன் செய்தார். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. முன்பு திறந்திருந்த பக்கங்களை மீண்டும் திறக்கவா என்று கேட்டது. பாத்திமா கையைக் கட்டிக்கொண்டார். தேவநேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேண்டாம் என்பதை அழுத்தினார்.

"வேலையைச் செய்ங்க."

பாத்திமா செய்தித்தாளை விரித்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார். குழாய் உடைப்பால் மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. அவர் உதடு மூடுவதற்குள் திரையில் மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு பத்தி, இரண்டு பத்தி. ஓர் எழுத்துகூடப் பின்தங்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண் நுரையீரலைப் பார்க்கும்போது நுரையீரல் என்றே படிப்பாள்.

"உள்ள இருக்க எட்டே போதும் அண்ணாச்சி."

தேவநேசன் தலையசைத்தார். வேலை தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவரால் முடியவில்லை. சார்ஜரின் வயரைச் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"ஒண்ணு மட்டும் மனசை அறுக்குது மேடம்."

"சொல்லுங்க."

"அந்த வரி. 'என் வீட்டுக்காரர்தான்'. அது எப்படி முடியும்னு இனிமே எனக்குத் தெரியவே போறதில்ல. அவ என்னைப் பத்திக் கடைசியா என்ன சொல்ல வந்தான்னு தெரியாமலே நானும் போயிருவேன்."

பாத்திமா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"குக்கர் இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. பக்கவாட்டுல ஆவி போகும். ஒரு ஆளுக்குத்தானே, போதும்னு வச்சிக்கிட்டேன்."

"எத்தனை லிட்டர் குக்கர்?"

தேவநேசன் வாயைத் திறந்தார். இன்று காலைகூட அதில்தான் சோறு வைத்தார். கையில் தூக்கினார், கழுவினார், கவிழ்த்து வைத்தார். எத்தனை லிட்டர் என்று தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகத் தெரியவில்லை.

"மூணா இருக்கும்" என்றார். "ஆர்டர் போடும்போது அப்படித்தான் போட்டேன். அவ அடுக்களைல இருந்து என்னமோ சொன்னா. சரியா காதுல விழல. நானா ஒரு நம்பரை அழுத்துனேன்."

"மூணு தடவையும் ஆர்டர் போட்டது நீங்கதானா?"

"நான்தான். அவளுக்கு அதெல்லாம் பழக்கம் இல்ல. அன்னைக்குத்தான் முதல் தடவையா அவளே அந்தப் பக்கத்தைத் தொறந்து பாத்தா."

சொல்லிக்கொண்டே வந்த தேவநேசனின் கை வயரைச் சுற்றுவதை நிறுத்தியது.

"அந்தப் பக்கத்துல மேல பழைய ஆர்டர் விவரம் இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் பாத்திமா. "மூணுமே மூணு லிட்டருக்குத்தான் போட்டிருக்கு. அவங்க அடிக்கும்போது அது கண்ணு முன்னாலயே இருந்திருக்கும்."

அந்தக் காலிக் கட்டம் தேவநேசனின் கண்ணுக்குள் இருந்தது. அதில் பொன்மணியின் குரலில் ஒரு வரி, கோபம் பாதியும் சிரிப்பு பாதியுமாக, தானே முடிந்துகொண்டிருந்தது.

"அப்ப எத்தனை லிட்டர் மேடம்?" என்றார் கடைசியில், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

பாத்திமா லேப்டாப்பை முழுக்க மூடி அவர் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போயி குக்கரைக் கவுத்திப் பாருங்க. அடியில எழுதியிருக்கும்."